மாசச் சாமான் எங்கே வாங்குவது? அண்ணாச்சி கடையும் சூப்பர்மார்க்கெட்டும் ஆப்பும் பற்றி என் தங்கை மகளுக்குச் சொன்னது

தங்கை மகளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை. தில்லைநகர்ப் பக்கம் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. போன மாதம் உறையூருக்கு என்னைப் பார்க்க வந்தவள், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டாள்: "பெரியம்மா, மாசச் சாமான் எங்க வாங்குறதுன்னே தெரியல. இவரு ஆப்லயே போட்டுறலாம்ங்கிறாரு. அத்தை, அண்ணாச்சி கடைல லிஸ்ட் குடுத்தா வீட்டுக்கே வந்துரும்ங்கிறாங்க. எங்க தெரு முனைல ஒரு சூப்பர்மார்க்கெட் புதுசா பிராஞ்ச் திறந்திருக்காங்க, ஏசி போட்டு ஜம்முனு இருக்கு. நீங்க எங்க வாங்குறீங்க?"

நான் வாங்குவதைச் சொல்லிவிடலாம். ஆனால் நான் வாங்குவது பாதி பழக்கத்தால். நாலு பேர் உள்ள வீட்டுக்குச் சரியாக இருப்பது இரண்டு பேர் உள்ள வீட்டுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு மாதம் பொறு என்றேன். என் மளிகை லிஸ்டைப் பல இடங்களில் விலை பார்த்து, சிலவற்றை வாங்கியும் பார்த்து, அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் குடித்தனம் வைக்கிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது.

முதலில் ரேஷன். படித்த பிள்ளைகள் பலர் இதை ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை; எனக்கு வருத்தமான விஷயம். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே இதே பருப்பு என்ன விலை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சில மாதம் துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு வரும். குழையும் பக்குவம் வேறு, சாம்பாருக்குக் கொஞ்சம் கலந்து போட்டால் தெரியாது. அவளிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: இரண்டு பேரும் பெற்றோர் வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டு, புது ஸ்மார்ட் கார்டுக்கு உடனே விண்ணப்பம் போடு. பெயர் நீக்காமல் புது அட்டை வராது. இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டே வருஷக்கணக்காக அட்டை இல்லாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ரேஷன் முழுக் குடும்பத்தையும் தாங்காது. மிச்சத்துக்குத்தான் அண்ணாச்சியா, சூப்பர்மார்க்கெட்டா, ஆப்பா என்ற கேள்வி.

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியுமா என்று முதலில் முயன்றேன். முடியாது. காரணம், ஒரே அளவு என்று நாம் நினைக்கிற பாக்கெட் ஒரே அளவாக இல்லை. முன்பு பிஸ்கட், டீத்தூள், சோப்பு போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் சட்டத்தில் இருந்தது. 2022-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது எந்த எடையிலும் அடைக்கலாம். அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோ விலை. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால்தான் தெரியும்.

பாத்திரம் தேய்க்கிற பாரை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்மார்க்கெட் ரேக்கில் மூன்று பார் சேர்த்துக் கட்டிய ஆஃபர் பாக்கெட் ஒன்று கண் உயரத்தில் இருந்தது. கீழ்த்தட்டில் அதே கம்பெனியின் தனிப் பார். கிராம் விலையைப் பார்த்தேன். கட்டு போட்டதில்தான் கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு நிமிடம் நம்பாமல் செல்போனில் வகுத்துப் பார்த்தேன், அச்சிட்டது சரிதான். எல்லா ஆஃபரும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே மலிவானதும் உண்டு. "மூணு எடுத்தா லாபம்" என்று நம் மனசே சொல்லிவிடுகிறது, வகுத்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

அரிசியில் இன்னொரு கணக்கு. 2022 ஜூலை 18 முதல், லேபிளோடு அடைத்து விற்கிற அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் எடையுள்ள சிப்பத்துக்கு இல்லை. சில்லறையாக அளந்து கொடுப்பதற்கும் இல்லை. அரிசிக் கடையில் 25 கிலோ மூட்டை போய் 26 கிலோ மூட்டை வந்தது இதனால்தான். ஆகவே ஒரே துவரம்பருப்பை அண்ணாச்சி சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் வரி கிடையாது. சூப்பர்மார்க்கெட் தன் பெயர் போட்டு ஒரு கிலோ கவரில் அடைத்தால் வரி உண்டு. அந்த வரிக்கு நமக்குக் கிடைப்பது என்ன? அடைத்த தேதியும், எந்தத் தொகுதியில் அடைத்தது என்று காட்டுகிற லாட் நம்பரும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அண்ணாச்சி கடை

எங்கள் தெரு அண்ணாச்சிக்கு என் மாமியார் காலத்திலிருந்து நாங்கள் வாடிக்கை. லிஸ்டை எழுதிக் கொடுத்தால் மாலைக்குள் அட்டைப்பெட்டியில் கட்டி, பையன் சைக்கிளில் கொண்டுவந்து வைத்துவிடுவான். இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். மாசக் கடைசியில் கை வறண்டால் நோட்டில் எழுதிக்கொள்வார். எந்தச் சூப்பர்மார்க்கெட்டும் இதைச் செய்யாது. கொரோனா ஊரடங்கில் வண்டி ஓடாதபோது எங்கள் தெருவுக்குச் சோறு போட்டது அந்தக் கடைதான் என்று சொன்னால் மிகையில்லை.

சில்லறையாக வாங்குகிற சாமானில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வரமிளகாயில் காம்பை ஒடித்துப் பார்க்கலாம். புளியை விரலால் அழுத்தி, கொட்டை எடுத்ததா, ஈரமா என்று பார்க்கலாம். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்கலாம். சீரகத்தில் 50 கிராம் போதும் என்றால் 50 கிராம். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு இது பெரிய வசதி. பாக்கெட்டில் 100 கிராம் சோம்பு வாங்கினால் அது மணம் போய், நிறம் மாறி, வருஷம் முழுக்க அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும்.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. பாக்கெட் சாமானில் எம்.ஆர்.பி.யிலிருந்து ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். அவர் வாங்குகிற விலைக்கு அது கட்டுப்படியாகாது, அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. கேட்ட பிராண்டு இல்லையென்றால் கைக்கு வந்ததைப் போட்டு அனுப்பிவிடுவார். பில் கேட்டால் துண்டுச்சீட்டில் கூட்டிக் கொடுப்பார். எல்லாவற்றையும் விட, சாக்கில் இருக்கிற பருப்பு எப்போது வந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு தடவை காய்ந்த மொச்சையில் வண்டு விழுந்திருந்தது. தூக்கிக்கொண்டு போனேன். பில் கேட்கவில்லை, எப்போது வாங்கியது என்று கேட்கவில்லை. "வைங்கக்கா" என்று வாங்கி வைத்துவிட்டு வேறு மொச்சை நிறுத்துக் கொடுத்தார். மனசு நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, கடை வாசலில் கோணியை விரித்து அந்த மொச்சைச் சாக்கையே வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். பையன் உட்கார்ந்து சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தான். வெயிலில் போட்டுச் சலித்தால் சாப்பிடலாம், நம் வீட்டிலும் அதைத்தான் செய்வோம். ஆனாலும் அது திரும்பச் சாக்குக்குத்தான் போயிருக்கும், யாரோ ஒருவர் வாங்கியிருப்பார்.

ஊர்ச் சூப்பர்மார்க்கெட்

தேசிய அளவில் பரவாமல், நாலைந்து மாவட்டத்துக்குள் பத்து இருபது கிளை வைத்திருக்கிற கடைகளைச் சொல்கிறேன். என் தங்கை மகள் தெருவில் திறந்ததும் அந்த மாதிரிதான். இவற்றின் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. உறுப்பினர்களே சேர்ந்து நடத்துகிற நுகர்வோர் கூட்டுறவுக் கடை 1904-லேயே திருவல்லிக்கேணியில் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் டியுசிஎஸ் என்றால் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். 1905-இல் நீலகிரியில் பால்பொருள் வியாபாரமாகத் தொடங்கிய நீல்கிரிஸ் பின்னால் தென்னிந்தியாவின் பழைய சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒன்றாக வளர்ந்தது. 1996-இல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு வந்தபோது டிராலி தள்ளிக்கொண்டு போவதே வேடிக்கையாக இருந்தது.

1997-இல் திருவான்மியூரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய சுபிக்ஷாவை மறக்க முடியாது. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி மட்டும். நடுத்தரக் குடும்பங்கள் அதைக் கொண்டாடின. நாடு முழுக்க ஏறத்தாழ 1,600 கடை வரை போய், கையில் பணம் இல்லாமல் 2009-இல் மொத்தமாகச் சாய்ந்தது. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது, ரேக்குகள் காலியாகக் கிடந்தன. கோவைப் பக்கத்தில் பேர்பெற்ற கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோர் 2020-இல் ரிலையன்ஸ் ரீட்டெயில் கைக்குப் போனது. கடை வளர வளர, தப்பு நடந்தால் நாம் போய் நிற்கிற முகம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு கிளை இருக்கும்போது முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இருபதாவது கிளையில் அவர் படம் மட்டும் சுவரில் இருக்கும்.

இதை நான் அனுபவித்தேன். கடையின் பெயர் வேண்டாம். அவர்கள் சொந்த பிராண்டு போட்ட உளுந்து, ஒரு கிலோ. நாலு நாள் கழித்து இட்லிக்கு ஊறப்போடப் பிரித்தால் உள்ளே வண்டு. பில்லோடு போனேன். கவுன்ட்டர்ப் பெண் பில்லைப் பார்த்துவிட்டு, "மூணு நாளைக்குள்ள வந்திருக்கணும்மா, சிஸ்டம் எடுக்காது" என்றாள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் ஹெட் ஆபீஸுக்குப் போன் செய்தார். முக்கால் மணி நேரம் ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசியில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். ரேக்கில் இருந்து வேறு பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதே லாட் நம்பர், கவரின் மூலையில் மாவு படிந்து ஒரு வண்டு நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போது ரேக் அடுக்குகிற பையன் செய்ததுதான் என் மனசில் நின்றது. பத்தொன்பது இருபது வயசு இருக்கும். யாரையும் கேட்கவில்லை. லாட் நம்பரைப் பார்த்துப் பார்த்து அந்த வரிசையில் இருந்த அத்தனை உளுந்துப் பாக்கெட்டையும் எடுத்து டிராலியில் போட்டு, குடோன் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டான். "இத வைக்கக் கூடாதுக்கா, வேற பிராண்ட் எடுத்துக்கோங்க" என்றான். எனக்கு ஆத்திரமெல்லாம் இறங்கிவிட்டது.

ஒப்பீடு எனக்குத் தெளிவானது அந்த இடத்தில்தான். அண்ணாச்சி உடனே மாற்றிக் கொடுத்தார், ஆனால் சாக்கு கடையிலேயே இருந்தது. சூப்பர்மார்க்கெட்டில் முக்கால் மணி நேரம் நின்றேன், ஆனால் லாட் நம்பர் இருந்ததால் கெட்டது மொத்தமும் ரேக்கை விட்டுப் போனது. முன்னதில் முகம் இருக்கிறது, தேதி இல்லை. பின்னதில் தேதி இருக்கிறது, முகம் இல்லை. அதனால் லிஸ்டை எழுதும்போதே இரண்டாகப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். கண்ணாலும் கையாலும் பார்த்தால் தரம் தெரிந்துவிடுகிற சாமான் ஒரு பக்கம். உள்ளே இருப்பது தெரியாது, அச்சிட்ட தேதியை நம்பித்தான் வாங்க வேண்டும் என்கிற சாமான் இன்னொரு பக்கம். மிளகாய், மல்லி, புளி, பருப்பு, பயறு, வெல்லம் முதல் பக்கம். எண்ணெய், பால்பவுடர், குழந்தை உணவு, நெய், பிஸ்கட், சேமியா, சோப்பு, பேஸ்ட் இரண்டாவது பக்கம்.

இரண்டாவது பக்கத்துக்கு ஊர்ச் சூப்பர்மார்க்கெட்தான் நல்லது என்று நினைக்கிறேன், சில விஷயத்தில் கவனமாக இருந்தால். புதிய தேதி போட்ட சரக்கைப் பின்னால் அடுக்கி, பழையதை முன்னால் தள்ளி வைப்பது கடை வழக்கம். பழையது முதலில் போக வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். நாம் கையைப் பின்னால் விட்டு எடுப்பது நம் பக்கத்து நியாயம். ரேக்கில் ஒட்டிய விலையும் பில்லில் வருகிற விலையும் ஒத்துப்போகிறதா என்று, பணம் கட்டுவதற்கு முன்பே திரையைப் பார்க்க வேண்டும். ஆஃபர் ஸ்டிக்கர் ரேக்கில் இருக்கும், சிஸ்டத்தில் ஏறியிருக்காது. ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு தடவை இப்படி ஆனது. ரேக்கைப் போட்டோ எடுத்து வைத்திருந்ததால் பேச்சே இல்லாமல் சரிசெய்தார்கள். காயை நிறுக்கும்போது தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தராசுக்கு அரசு முத்திரை இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

பில் போடும்போது "போன் நம்பர் சொல்லுங்க" என்பார்கள். பாயின்ட் வேண்டுமானால் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் கொடுக்க வேண்டியதில்லை. நம்பர் கொடுக்காவிட்டால் பில் போட மாட்டேன் என்பது முறையற்ற வணிகம் என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. என் தங்கை மகள் போன்ற சின்னப் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். பின்னால் கூட்டம் நிற்கிற கவுன்ட்டரில் பெயரும் நம்பரும் சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பைக்குக் காசு வாங்குவதும் அப்படித்தான். முன்கூட்டித் தெரிவிக்காமல், பில் போடுகிற நேரத்தில் பைக்குத் தனிக் காசு சேர்ப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று தொடங்கியது. கட்டைப்பை இரண்டை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வைத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கடையைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கிற இன்னொன்று, ஒப்பீட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் சேர்க்காத ஒன்று: அங்கே வேலை செய்கிற பெண்கள் உட்கார முடிகிறதா? காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றபடி பில் போடுகிற பெண்ணின் கால் வீக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா ஜவுளிக்கடையில் பதினொரு வருஷம் நின்றவள். இரவில் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஸ்டூல் இருக்கிற கடையும் உண்டு, ஸ்டூலைக் குடோனில் வைத்திருக்கிற கடையும் உண்டு. தங்கை மகள் தெருவில் திறந்த கிளையில் கவுன்ட்டருக்குப் பின்னால் மூன்று ஸ்டூல் இருந்தது, பெண்கள் உட்கார்ந்தே பில் போட்டார்கள். அந்தக் கடைக்கு அதற்காகவே என் ஓட்டு.

சூப்பர்மார்க்கெட்டின் பெரிய செலவு விலையில் இல்லை, லிஸ்டில் இல்லாததை வாங்குவதில் இருக்கிறது. நான் போன இரண்டு முறையும் எழுதாத சாமான் கூடையில் ஏறியது. கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சாக்லேட், ரோஜாப்பூ மணம் போட்ட பினாயில், அழகான ஒரு டப்பா. டிராலி எடுக்காமல் கைக்கூடை எடுத்தால் கை வலிக்கிறபோதே நிறுத்திவிடத் தோன்றும். இரண்டு பேர் வீட்டுக்குக் கூடை போதும்.

பெரிய கம்பெனிக் கடைகள்

நாடு முழுக்கக் கிளை வைத்த பெரிய கடைகளில் பாக்கெட் சாமானுக்குத் தள்ளுபடி நிஜமாகவே அதிகம். மாதாமாதம் ஐந்தாறு பேருக்கு வாங்குகிற வீடு என்றால் அங்கே போகலாம். ஆனால் ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம்தான் பெரும்பாலும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்றால் பில்லுக்கு மட்டும் அரை மணி நேரம். பெட்ரோலையும் அரை நாளையும் கணக்கில் சேர்த்தால் இரண்டு பேர் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் யாருக்காவது விசேஷம் வரும்போது போய்க்கொள்ளலாம் என்றேன்.

ஆப்

மாப்பிள்ளை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. இரவு எட்டு மணிக்கு மாவு தீர்ந்துவிட்டால், குழந்தைக்கு டயாப்பர் இல்லையென்றால், ஆப் ஒரு வரம். விலையும் பல நேரம் பரவாயில்லை.

ஆனால் பில்லின் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். சாமான் விலைக்குக் கீழே டெலிவரி கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம், சின்ன ஆர்டர் என்றால் அதற்கு ஒரு கட்டணம். இலவச டெலிவரிக்காக இன்னும் கொஞ்ச ரூபாய்க்கு வாங்கு என்று திரை சொல்லும், நாமும் ஏதோ ஒன்றைச் சேர்ப்போம். காயைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஒரு தடவை முருங்கைக்காய் முற்றிப்போனது வந்தது, வெண்டைக்காய் ஒன்றும் ஒடியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினால் பணம் வந்துவிடும், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்குச் சமையலுக்குக் காய் வேண்டுமே. காய் விஷயத்தில் நான் ஆப்பையும் சூப்பர்மார்க்கெட்டையும் விட்டுவிட்டு, தென்னூர் உழவர் சந்தைக்குத்தான் போகச் சொல்வேன். காலை ஆறு மணிக்குப் போனால் பனி ஈரத்தோடு கீரை கிடைக்கும்.

மாடிப்படி ஏறி வருகிற டெலிவரிப் பையனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடு என்று அவளிடம் தனியாகச் சொன்னேன்.

கூட்டுறவு அங்காடி

சிந்தாமணி என்ற பெயர் திருச்சிக்காரர்களுக்கும் கோவைக்காரர்களுக்கும் அம்மா காலத்துப் பெயர். அலங்காரம் இருக்காது, கேட்ட பிராண்டு எல்லாம் இருக்காது. ஆனால் மளிகையும் பருப்பும் நல்ல விலையில் கிடைக்கிறது, பில்லும் ஒழுங்காகத் தருகிறார்கள். தீபாவளி சமயத்தில் போனால் நன்றாக இருக்கும். வழியில் இருந்தால் எட்டிப் பார்க்கலாம், இதற்கென்று தனியாகப் போகச் சொல்ல மாட்டேன்.

எது எப்படி ஆனாலும் ஒன்று: எங்கே வாங்கினாலும் பில்லை மாதம் முடிகிற வரை வை. பிரச்சினை என்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமே கிடையாது. உளுந்துக்காக யாரும் ஆணையத்துக்குப் போக மாட்டோம்தான். ஆனால் போகலாம் என்று தெரிந்தவள் கவுன்ட்டரில் நிற்கிற நிலையே வேறு.

ஆக, அவளுக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. அட்டை வந்ததும் ரேஷன். மாதம் முதல் வாரம் அண்ணாச்சியிடம் பருப்பும் மசாலாச் சாமானும். அவர் கடை தில்லைநகரில் இல்லாவிட்டாலும் அங்கேயும் ஒரு அண்ணாச்சி இருப்பார், இரண்டு மாதம் தொடர்ந்து வாங்கினால் முகம் தெரிந்துவிடும். பாக்கெட் சாமானுக்கு மாதம் ஒரே ஒரு தடவை அந்த ஸ்டூல் போட்ட சூப்பர்மார்க்கெட், கையில் லிஸ்ட்டும் கைக்கூடையுமாக. காய்க்கு உழவர் சந்தை. ஆப் இரவு நேர அவசரத்துக்கு மட்டும். மாமியார் சொன்னதும் மாப்பிள்ளை சொன்னதும் அவள் ஆசைப்பட்டதும் மூன்றுமே இதில் இருக்கிறது, வீட்டில் சண்டை வராது. குழந்தை பிறந்தாலோ, மாமியார் நிரந்தரமாக வந்து தங்கினாலோ ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளலாம். மாமியார் வந்தால் அரிசிக்கு 26 கிலோ மூட்டையே வாங்கிவிடலாம், இப்போது வாங்கினால் வண்டுதான் சாப்பிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாக எழுதி வைத்திருக்கிறாளாம், இடது பக்கம் அண்ணாச்சி, வலது பக்கம் சூப்பர்மார்க்கெட். எல்லாம் பிரித்தாகிவிட்டது, ஒன்றே ஒன்றில் நிற்கிறது என்றாள்.

"பெரியம்மா, பெருங்காயம் எந்தப் பக்கம்?"

"தூள்னா சூப்பர்மார்க்கெட், டப்பால தேதி பாத்து வாங்கு. கட்டின்னா அண்ணாச்சி கிட்ட. ஒரு துணுக்கு உடைச்சு மோந்து பாத்துட்டு வாங்கு."

"கட்டிதான் அவருக்குப் பிடிக்கும்" என்று சொல்லி, இடது பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.